மேசைக்கு வைத்த சந்தனம்

இதை எழுதலாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். பத்தாவதோடு நின்றவன், பூஜையைக் கேலி பண்ணுகிறான் என்பார்களோ என்றும் பயம். பெருமாள் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் குடித்தனம். திருச்சியில் ஒரு சின்னக் கம்பெனியில் மேசை செய்கிற வேலை. மேலே முழுக்க டச் ஸ்கிரீன். பலர் சுற்றி நின்று ஒரே சமயத்தில் விரல் வைக்கலாம். அதில் அவரவர் வயலின் படம் தெரியும்; தொட்டு இழுத்துத் தண்ணீர் முறையை வைக்கலாம். வடிவமைத்தது எங்கள் மேடம். ஜீயபுரம் பக்கத்து விவசாயிகள் வாய்க்கால் தண்ணீருக்குக் கூடிப்பேசி முறை வைக்கத்தான் அது. அவர்கள் சரி என்றால்தான் மேற்கொண்டு வேலை. இல்லையென்றால் மேசையை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சோதனைக்குக் கொண்டுபோனோம். நான் வயர் மாட்டி நிமிர்வதற்குள் விவசாயிகள் சங்கத் தலைவர் ஸ்கிரீனின் நாலு மூலையிலும் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டிவிட்டார். புது மோட்டாருக்கு அப்படித்தான் செய்வார்கள். ஆனால் இந்த மேசைக்குச் சந்தனமும் விரல்தான். யார் தொட்டாலும் அதோடு சேர்த்துப் பிடித்து, வயல் படத்தையே இழுத்துச் சுழற்றியது.

"என் வயல் எங்கங்க போகுது?" என்றார் ஒரு பெரியவர்.

"காவிரியைத் தாண்டிடுச்சு மாமா. இனி பரிசல்லதான் உழப் போவணும்" என்றார் பக்கத்து வயல்காரர்.

மேடம் என்னிடம், "அண்ணே, அதைத் துடைச்சிடுங்க" என்றார்.

"வெச்ச பொட்டை உடனே அழிக்கிறதா? ஆகாதுங்க. தானா உதிரட்டும்" என்றார் தலைவர்.

"எப்ப ஐயா உதிரும்?"

"அது மெஷினோட இஷ்டம்மா."

துணி என் கையில். சாமி கும்பிட்டு வைத்ததை நான் துடைப்பதாக இல்லை. அதேசமயம் ஸ்கிரீனில்தானா அப்ப வேண்டும், மேசைக் காலில் வைத்தால் என்ன என்று தலைவர் மேலும் எரிச்சல். "எங்க வீட்டு கிரைண்டருக்கும் பொட்டு வைக்கிறோம் மேடம், அது பாட்டுக்கு அரைக்குது" என்று சொல்லியேவிட்டேன். மேடம் முகம் சுருங்கிவிட்டது. லேப்டாப்பைத் திறந்து, வெகுநேரம் அசையாமல் இருப்பது எதுவும் விரல் இல்லை என்று மேசைக்குச் சொல்லிவைத்தார். படம் நின்றது.

அப்பாடா என்று உட்கார்ந்தால், அந்தப் பெரியவர் தன் வயல் மேல் விரலை அழுத்தியவர் எடுக்கவே இல்லை. மேசை அவரையும் சந்தனக் கணக்கில் சேர்த்துவிட்டது.

"மாமா, எடுத்து எடுத்து வைங்க" என்றேன்.

"எடுத்தா இவன் என் முறையைத் தள்ளிவிட்ருவான்" என்று பக்கத்து வயல்காரரைக் காட்டினார். அவரும் மறுக்கவில்லை.

மேடம் லேப்டாப்பை மறுபடி திறந்தார். ஒருவர் வைத்த முறையை அவரே தொட்டு ஒப்புக்கொள்ளாமல் மற்றவர் நகர்த்த முடியாதபடி மாற்றினார். பக்கத்து வயல்காரரிடம், பெரியவரின் முறையை இழுத்துப் பார்க்கச் சொன்னார். நகரவில்லை. அதற்குப் பிறகே பெரியவர் விரலை எடுத்தார்.

"வெச்சுட்டுப் போங்க, பாப்போம்" என்றார் தலைவர். சரி என்று அவர் சொன்னது அவ்வளவுதான்.

இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சந்தனத்தால் கெட்டது என்றோ, சந்தனத்தால்தான் நடந்தது என்றோ சேர்க்காமல், உள்ளபடியே சொல்லுங்கள்.