மதகடியில் கிடக்கும் எங்கள் கோயில்

எண்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில், பஸ் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரில் நடந்தது இது. இத்தனை வருஷம் கழித்தும் மழைக்காலத்தில் ஏரிக்கரை மேல் நடந்தால் அன்றைக்குப் பார்த்தது கண் முன்னால் வந்து நிற்கும்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். தன்னைப் பற்றித் தானே பேசக் கூடாது என்பார்கள். நான் பேசுவேன், உழைத்துச் சம்பாதித்த பேச்சு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அப்பனோடு செங்கல் சூளையில் மண் மிதித்துக் கூலி வேலை செய்தவன், மீசை நரைப்பதற்குள் சொந்தமாகச் சூளை போட்டேன். என் கல்லை ஒன்றோடு ஒன்று தட்டினால் வெண்கலம் மாதிரி கணீரென்று கேட்கும். படித்த எஞ்சினீயர்களே தட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். மண்ணைப் பற்றி எனக்குச் சொல்லித்தர இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

எங்கள் காலனி ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது. என் அப்பன் காலத்திலேயே எல்லாக் குடும்பமும் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்துவிட்டது. வேதத்துக்கு வந்த பிறகு எங்கள் ஆட்கள் பறை அடிப்பதை விட்டுவிட்டார்கள். ஊர்ப் பெரிய தெருவில் இருந்த நிலக்காரர்களுக்கு அதில் கோபம். ஏனென்றால் ஏரி உடைகிற மாதிரி இருந்தால் பறை அடித்துத்தான் வீட்டுக்கு ஒரு ஆளைக் கூப்பிடுவது அந்தக் காலத்து வழக்கம். பறை நின்றதும் அந்த வழக்கமும் நின்றது.

அப்போது எங்கள் கோயில் வெறும் கொட்டகை. சவுக்குக் கம்பம், தென்னங்கீற்றுக் கூரை, வாசலில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு. அந்த வருஷம் நான் சபை முன்னால் எழுந்து நின்று, கோயிலைக் கல்லால் கட்டிக்கொள்ளுங்கள், கல் முழுவதும் என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அதற்கென்று தனி அச்சு செய்யச் சொன்னேன். அச்சின் அடியில் சிலுவை. ஒவ்வொரு கல்லிலும் சிலுவை பதிந்து வரும். தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். செங்கல்பட்டு சம்பந்தியிடம், உங்கள் பிள்ளை தாலி கட்டப்போவது கல் கோயிலில் என்று நான் ஏற்கெனவே பெருமையாகச் சொல்லியாயிற்று.

எங்கள் சபையை நடத்திய உபதேசியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான ஆள், சத்தம் போட்டுப் பிரசங்கம் வராது. ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிப்பார். சனிக்கிழமை ஆனால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் கூப்பிடுவார். ஒரு வாரம் ஏரிக்குத் தண்ணீர் வருகிற வரத்துக்கால்வாயில் முள் வெட்டுவது, ஒரு வாரம் யார் வீட்டுக் கூரையையாவது வேய்வது, ஒரு வாரம் ஊர்ப் பொதுக்கிணற்றைச் சுற்றிச் சேறு அள்ளுவது. அந்தக் கிணற்றில் எங்களைத் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள், அது வேறு கதை. எனக்கு இதெல்லாம் பிடிக்காது. ஜெபம் பண்ண வந்தவருக்குச் சேற்றில் என்ன வேலை என்று கேட்பேன். சிரிப்பார்.

கோயிலுக்கான கல் வெந்து வந்ததும் வண்டியில் ஏற்றி வந்து கொட்டகைக்குள்ளேயே அடுக்கினேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று ஒரு கல்லை அவர் கையில் கொடுத்தேன். அவர் சிலுவையைத் தடவிப் பார்த்தார்.

“மேஸ்திரி, இது இனிமே உன் கல்லா, ஆண்டவர் கல்லா?”

“குடுத்தாச்சி ஐயரே. ஆண்டவர்துதான்.”

“அப்ப சரி. அவரு எங்க வைக்கச் சொல்றாரோ அங்க வச்சிடலாம்.”

வாசல் பக்கமா, பலிபீடப் பக்கமா என்றுதான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்கிற மழை இல்லை, வானம் ஓட்டையான மாதிரி. சூளையில் காய வைத்திருந்த, இன்னும் சுடாத பச்சைக் கல் அத்தனையும் கரைந்து மறுபடி சேறாகிவிட்டது. அந்த வருஷம் என் உழைப்பில் மிச்சமிருந்தது கோயில் கொட்டகைக்குள் இருந்த வெந்த கல் மட்டும்தான். போனது போகட்டும், சாமி காரியம் பத்திரமாக இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் மழை கொஞ்சம் ஓய்ந்தது. ஏரியைப் பார்க்கக் கரைக்குப் போனேன். தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு கடல் மாதிரி கிடந்தது. மதகுக்குப் பக்கத்தில், கரையின் வெளிப்புறம், தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கசிவு எல்லா ஏரியிலும் உண்டு. தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை. இது கலங்கலாக, செம்மண் நிறத்தில் வந்தது. கரையின் வயிற்றுக்குள் இருந்து மண்ணைத் தின்றுகொண்டு வருகிறது என்று அர்த்தம். உள்பக்கம் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மேல் ஒரு சுழி, தட்டு அகலத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. எலி வளையோ நண்டு வளையோ, அதன் வழியாக ஏரி உள்ளே இறங்குகிறது.

கரை போனால் முதலில் போவது எங்கள் காலனி. பிறகு கதிர் வாங்கி நிற்கிற ஊர் நெல் அத்தனையும்.

ஓடி வந்து தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடித்தேன். கை மரத்துப்போகிற அளவுக்கு அடித்தேன். காலனியில் ஆண், பெண் எல்லோரும் ஓடி வந்தார்கள். பெரிய தெருவிலிருந்து ஒருத்தர்கூட வரவில்லை. எவ்வளவு கல்நெஞ்சம் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு பையனை ஆள் கூப்பிட அனுப்பிவிட்டு நாங்களே இறங்கினோம்.

சாக்கில் மண்ணை வாரிப் போட்டோம். ஊறிப்போன மண் எங்கே நிற்கும்? போட்ட சாக்கைச் சுழி இழுத்தது, சாக்கு வயிறு கிழிந்து மண் கரைந்து வெளிப்பக்கம் கஞ்சி மாதிரி வந்தது. வைக்கோலைப் போட்டோம், அதையும் விழுங்கியது. கசிவு இப்போது வாய்க்கால் மாதிரி ஓட ஆரம்பித்தது. நான்தான் மேலே நின்று இங்கே போடு, அங்கே போடு என்று கத்திக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் உபதேசியாரைக் காணோம்.

“ஐயரு எங்கடா?”

“கோயிலாண்ட போனாரு.”

ஜெபம் பண்ணப் போய்விட்டார் என்று நினைத்து, அந்த அவசரத்திலும் எரிச்சல் பட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் தோளில் சவுக்குக் கம்பங்களோடு கரை ஏறினார்கள். பழைய கம்பம், புகை படிந்தது. எங்கேயோ பார்த்த கம்பமாக இருக்கிறதே என்று தோன்றியது. பின்னாலேயே கீற்றுத் தட்டிகள் வந்தன. அப்போதுதான் கீழே பார்த்தேன்.

கோயிலைக் காணோம்.

பொய் சொல்லவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். கூரை இல்லை, கம்பம் இல்லை. வெட்டவெளியில் பலிபீட மேடையும் அதன் மேல் மரச்சிலுவையும் மழையில் நனைந்துகொண்டு நின்றன. என் அப்பன் ஞானஸ்நானம் வாங்கிய இடம். என் மகள் கல்யாணத்துக்கு நான் நாள் குறித்திருந்த இடம்.  ஊரான் வந்து இடித்திருந்தால்கூடப் புரிந்திருக்கும். உபதேசியாரே மேலே நின்று கடைசிக் கீற்றை அறுத்துப் போட்டாராம்.

அந்த அதிர்ச்சி தீர்வதற்குள் அடுத்தது. கொட்டகை இருந்த இடத்திலிருந்து கரை வரைக்கும் பெண்கள் வரிசையாகத் தலையில் சும்மாடு வைத்து வந்துகொண்டிருந்தார்கள். சும்மாட்டின் மேல் சிவப்பாக என் கல். முன்னால் வந்தவள் என் சூளையிலேயே கல் சுமக்கிற பெண். புருஷன் இல்லாதவள், வாய் மட்டும் நாலு ஆளுக்கு இருக்கும்.

“இன்னா மேஸ்திரி, வாயப் பொளந்துகினு நிக்கிறே? கல்ல வாங்கு.”

“ஏம்மே, இது கோயில் கல்லு” என்றேன். 

“தெரியும். என் தலதானே சொமந்துச்சி. எறக்கு, கழுத்து நோவுது.”

கல்லை வாங்கினேன். சிலுவை மேல் பக்கம் இருந்தது. மழைத்தண்ணீர் அதில் தேங்கி, குட்டி வாய்க்கால் மாதிரி நின்றது. உபதேசியார் கரை ஏறி வந்து என் பக்கத்தில் நின்றார். உடம்பெல்லாம் கூரைப் புழுதியும் சேறும். என்ன ஐயரே இது என்று கேட்க வாய் எடுத்தேன். அவர் சுழியைக் காட்டினார். அவ்வளவுதான். இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தது.

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நானே தண்ணீரில் இறங்கினேன். மண்ணைத் தெரிந்தவன் நான்தானே. மார்பளவு தண்ணீர். சுழி காலைப் பிடித்து இழுத்தது பாருங்கள், எமன் கை என்றால் அதுதான். ஒரு தடவை இடுப்பு வரைக்கும் அந்த ஓட்டைக்குள்ளேயே போய்விட்டேன். மேலே நின்றவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்ததில் விலாவில் விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது. சுழியைச் சுற்றிக் கம்பங்களை அடித்து இறக்கினோம். கீற்றுத் தட்டியைத் தண்ணீரில் விட்டதும் சுழியே அதை இழுத்து ஓட்டை மேல் அப்பிக்கொண்டது. அதன் மேல் கல் நிரப்பின சாக்குகளை இறக்கினோம். மண் கரையும், என் கல் கரையுமா? சாக்கு தீர்ந்ததும் வெறும் கல்லையே கை மாற்றி அடுக்கினோம். வெளிப்பக்கம் நின்றவர்கள், கலங்கல் குறையுது, குறையுது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு குரல், “தெளிஞ்சிட்சி” என்றது.

 அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டோம்.

அப்போதுதான் ஊர்க்காரர்கள் மண்வெட்டியும் வண்டி நிறைய வைக்கோலுமாக ஓடி வந்தார்கள். முன்னால் ஊர்ப் பெரியவர். ஏரித் தண்ணீர் விடுவதெல்லாம் அவர் சொல்படிதான். எனக்கு வந்த கோபத்தில் கேட்டேவிட்டேன்.

“மணி காதுல வுழல?”

“வுழுந்துச்சிப்பா. ஒங்க பண்டிக வருதில்ல, பாட்டு கத்துக்கினு கீறாங்கன்னு நெனச்சிக்கினோம். இன்னா இன்னிக்கு நிறுத்தாம அடிக்கிறாங்கன்னு பேசிக்கினுகூட இருந்தோம். பையன் வந்து சொல்லித்தான் தெரியும்.”

 பறை அடித்திருந்தால் முதல் அடிக்கே ஓடி வந்திருப்பார்கள். மணி அடித்தால் அது எங்களுக்கு மட்டும் என்று இரண்டு பக்கமும் இத்தனை வருஷமாக நினைத்து வந்திருக்கிறோம். அந்த நினைப்பில் ஒரு ஊரே போயிருக்கும்.

பெரியவர் கரையில் மிச்சம் கிடந்த கல் ஒன்றை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். சிலுவையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கீழே எங்கள் காலனியைப் பார்த்தார். கொட்டகை இருந்த இடத்தைத் தேடினார்.

“யோவ், ஒங்க கோயில் எங்கய்யா?”

 கல் சுமந்த பெண் காலால் மதகுப் பக்கம் காட்டினாள்.

“அதோ, ஒங்க நெல்லுக்குக் காவல் கீது.”

அவர் கல்லைக் கீழே போடவில்லை. குனிந்து, பூ வைக்கிற மாதிரி வைத்தார். அப்படி ஒரு மனிதர் எங்கள் பொருளைத் தொட்டு மரியாதையாக வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெட்டவெளியில் ஆராதனை. பாட்டு முடிவதற்குள் பெரிய தெருப் பக்கமிருந்து வண்டிகள் வந்தன. மூங்கில், புதுக் கீற்று, கயிறு. வந்தவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, எங்கே கம்பம் நட வேண்டும் என்று கேட்டார்கள். உபதேசியார் ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர்களோடு குழி தோண்டப் போனார்.

தை மாதம் என் மகள் கல்யாணம் அந்தக் கீற்றுக் கொட்டகையில்தான் நடந்தது. கல் கோயில் எங்கே என்று சம்பந்தி கேட்டார். கரைக்குக் கூட்டிப்போய் மதகைக் காட்டினேன். கதையைக் கேட்டவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மறுபடி சூளை போட்டு, மறுபடி கல் அறுத்து, கோயிலையும் கட்டிக் கொடுத்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை, நான் சொன்னால் செய்கிறவன். ஊர்க்காரர்களும் மண் சுமந்தார்கள். இப்போது அந்த மணி நிறுத்தாமல் அடித்தால் இரண்டு தெருவும் ஓடி வரும்.

உபதேசியார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். சாக்கெல்லாம் மக்கிவிட்டது. கோடையில் தண்ணீர் வற்றினால் மதகடியில் என் கல் வெளியே தெரியும். சிலுவையில் பாசி பிடித்திருக்கும், ஆடு மேய்க்கிறவர்கள் அதன் மேல் உட்கார்ந்து கூழ் குடிப்பார்கள். நான் சுட்ட கல்லில் எத்தனையோ மாடி வீடுகள் எழும்பின. அதையெல்லாம் இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன். ஆனால் நான் ஆண்டவருக்கு என்று கொடுத்ததில், அவரே எடுத்துத் தன் விருப்பம் போல் வைத்துக்கொண்டது அந்த மதகடிக் கல் ஒன்றுதான் என்று, வருஷா வருஷம் ஏரி நிரம்பி அது தண்ணீருக்குள் மறைகிறபோது நினைத்துக்கொள்வேன்.