நன்றாக வெந்த பாஸ்தா

"வேகவே இல்லியே," என்றாள் விஜயலட்சுமி. கரண்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்திருந்தாள். "நடுவுல கட்டியா நிக்குது. வெள்ளக்காரங்களுக்குப் பல்லு போயிடும். திரும்ப அடுப்புல வையி."

செல்வி வடித்த பாஸ்தாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள்.

ஆரோக்கியசெல்விக்கு வயது முப்பத்து நான்கு. ஆரோவில்லில் ஓர் இத்தாலிக்கார அம்மாள் வீட்டில் ஐந்து வருஷமாகச் சமைக்கிறாள். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் மரக்காணம் திரும்புவாள். அந்த அம்மாள் பாஸ்தாவைப் போட்டதும் கடிகாரத்தைப் பார்ப்பாள். ஒன்பது நிமிஷம். கடிக்கும்போது நடுவில் கொஞ்சம் விறைப்பு இருக்க வேண்டும், அதுதான் பதம். குழைந்தால் நாய்க்கு. முதல் மாதம் செல்வி ஆறு முறை நாய்க்குச் சமைத்தாள்.

இன்று 2006 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விஜயலட்சுமியின் கணவர் முருகையனுக்கு உப்பளம் இருந்தது, பள்ளிக்கூடம் ஒன்றும் இருந்தது. சுனாமிக்குப் பிறகு உதவி செய்ய வந்த இத்தாலியத் தம்பதி, பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டித் தரலாமா என்று பார்க்க வந்திருந்தார்கள். மதியச் சாப்பாடு முருகையன் வீட்டில். செல்வியின் கணவன் தேசப்பன் அந்த உப்பளத்தில்தான் உப்பு வாருகிறான். அவனிடம் சொல்லி அனுப்பித்தான் செல்வியைக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டதும் அவள் ஒப்புக்கொண்டது தேசப்பனுக்கு ஆச்சரியம்.

நான்கு மாதத்துக்கு முன்புவரை செல்வியின் மகள் ஜெயசீலியும் விஜயலட்சுமியின் மகள் செந்தமிழும் அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பு, ஒரே பெஞ்சு. ஆரோவில்லிலிருந்து செல்வி எடுத்து வரும் பாஸ்தாவை ஜெயசீலி டப்பாவில் கொண்டுபோவாள். செந்தமிழ் தன் எலுமிச்சை சாதத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு அதைத் தின்பாள். ஒரு நாள் செந்தமிழுக்கு வயிறு கெட்டது. மறுநாள் விஜயலட்சுமி வகுப்புக்குள் வந்து, ஜெயசீலியின் டப்பாவைக் குப்பைக்கூடையில் கவிழ்த்தாள். "கண்டவங்க மிச்சத்த எம் பொண்ணுக்குத் தின்னக் குடுக்கறியாடி?" பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் கீதாஞ்சலியும் சிரித்தாள். ஜெயசீலியைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள். அதன்பிறகு அவள் பள்ளிக்குச் சாப்பாடே எடுத்துப் போவதில்லை.

காலையில் கிளம்பும்போது ஜெயசீலி கேட்டாள்: "செந்தமிழ் ஊட்டுக்கா போற? நானும் வரட்டா? ஓரமா நிக்கிறேன்."

"வேணாம்."

"அவகிட்ட சொல்லும்மா. எனக்குக் கோவம் இல்லன்னு."

செல்வி கூந்தலை முடிந்துகொண்டு படியிறங்கினாள். அவளுக்குக் கோபம் இருந்தது.

நன்றாகச் சமைத்துவிட்டுப் போவது என்றுதான் வந்தாள். யார் சமைத்தது என்று விருந்தாளிகள் கேட்க வேண்டும், விஜயலட்சுமி அவள் பெயரைச் சொல்ல வேண்டும். அது போதும் என்றிருந்தது. ஆனால் அடுப்பு மேடையில், ஒரு பத்திரிகையிலிருந்து கிழித்த தாள் கிடந்தது. ஒரு பக்கம் 'எளிய இத்தாலிய விருந்து'. திருப்பினால், 'பிள்ளைகளின் பள்ளி நட்பு: அம்மாக்களுக்கு ஐந்து யோசனைகள்'. மூன்றாவது யோசனைக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தது: 'உங்கள் குழந்தை யாருடன் பகிர்ந்து உண்கிறது என்று கவனியுங்கள்.' செல்வி அதை இரண்டு முறை படித்திருந்தாள்.

"இன்னாடி நின்னுக்கினே இருக்க?"

"நீங்க சொல்ற மாதிரியே செய்யறங்கம்மா," என்று பாஸ்தாவைத் திரும்பவும் கொதிநீரில் கொட்டினாள்.

அரைமணி நேரம் வெந்தது. விஜயலட்சுமி இன்னொரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினாள். "இது பதம். தக்காளில கரம் மசாலா போட்டியா?"

"போடணுங்களா?"

"எனக்குக் கத்துக் குடுக்கறியா?"

"இல்லிங்கம்மா." செல்வி இரண்டு ஸ்பூன் போட்டாள். முந்திரி வறுத்துக் கொட்டச் சொன்னாள் விஜயலட்சுமி, செல்வி கொட்டினாள். கொத்தமல்லியும் தூவினாள்.

மேஜையில் விருந்தாளிகள், முருகையன், தலைமையாசிரியர் கலியபெருமாள், கீதாஞ்சலி டீச்சர், பட்டுப்பாவாடையில் செந்தமிழ். விருந்துக்கு வந்த இத்தாலிக்கார அம்மாள் மூன்று வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அவள் கணவர் முந்திரியை மட்டும் பொறுக்கினார். இருவரும் புன்னகை செய்துகொண்டிருந்தார்கள்.

விஜயலட்சுமி தட்டுகளைப் பார்த்துவிட்டுக் கலியபெருமாளிடம் திரும்பினாள். "சார், இது சமையக்காரி பண்ணதுன்னு இங்கிலீஷ்ல சொல்லுங்க. இவளுங்களுக்கு எவ்ளோ சொன்னாலும் ஏறாது. ஏய் செல்வி! இன்னா பண்ணி வெச்சிருக்க? எதிர்க்க வந்து சொல்லு."

செல்வி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குத் தெரிந்தது அடுப்பங்கரை இத்தாலியன்தான். ஒன்பது விரல் காட்டி, "நோவே மினூத்தி," என்றாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். பிறகு விஜயலட்சுமியைக் காட்டி, "சிஞோரா, த்ரெந்தா." இந்த அம்மா முப்பது நிமிஷம் என்று அர்த்தம்.

விருந்தாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் மனைவி வாயைப் பொத்தினாள்.

"சிஞோரா, கரம் மசாலா," என்றாள் செல்வி. ஒரு விரலை மடக்கினாள். "சிஞோரா, முந்திரி." தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

விருந்தாளி அம்மாளுக்கு அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவர்கள் சிரித்ததால் கலியபெருமாளும் சிரித்தார். டீச்சர் சிரித்தாள். கடைசியில் முருகையனும் சிரித்தார்.

"இன்னாடி சொன்ன அவங்ககிட்ட?"

"நீங்க சொன்னதத்தாங்கம்மா சொன்னேன். கூட ஒண்ணும் சேக்கல."

விஜயலட்சுமியின் மோவாய் நடுங்கியது. செல்வி கண்ணை எடுக்காமல் அதைப் பார்த்தாள். செந்தமிழ் அம்மாவைப் பார்த்தாள், சிரிக்கிறவர்களைப் பார்த்தாள், எழுந்து உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செல்வி அதையும் பார்த்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. தேசப்பன் உப்பளத்துக்குப் போனான். ஆள் போதும், இனி வர வேண்டாம் என்று மேஸ்திரி சொன்னார். அவன் வேறு ஓர் உப்பளத்துக்குப் போய்க் கேட்டான். புதன்கிழமை வந்து பார்க்கச் சொன்னார்கள். செல்வி ஜெயசீலிக்குச் சோறும் முட்டையும் கட்டிக் கொடுத்தாள். மதியம் ஜெயசீலி டப்பாவோடு, செந்தமிழ் உட்கார்ந்திருந்த முதல் பெஞ்சுக்குப் போனாள். செந்தமிழ் எழுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டாள். ஜெயசீலி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாதி சாப்பிட்டாள். ஆரோவில்லில் அன்று பூசணி சூப். செல்வி ஐந்தரை மணி பஸ்ஸில் திரும்பினாள்.