இன்னும் சதை போடவில்லையாம்

திங்கட்கிழமை காலை 8.10க்கு, கனடாவில் இருக்கும் அக்காவின் பதினேழாம் மாடி வீட்டிலிருந்து இறங்கினேன். சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து ஷேர்போர்ன் சப்வே ரயில் நிலையம் கொஞ்ச நேர நடைதான். அங்கிருந்து மேற்கே எட்டாவது நிலையம் டஃபரின், பிறகு தெற்கே பஸ். கட்டணம் 3 டொலர் 30 சதம். இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை தரமும் மாறி ஏறலாம்.

போன இடம் பார்க்டேலில் ஓர் ஓவியக்கூடம். ஐந்நூறு அறுநூறு வருடங்களுக்கு முன் இத்தாலியர்கள் முட்டை மஞ்சட்கருவில் வண்ணம் குழைத்து மரப்பலகையில் மாதாவைத் தீட்டிய முறையை அங்கே ஐந்து நாளில் சொல்லித் தருகிறார்கள். நான் யாழ்ப்பாணத்தில் சித்திர ஆசிரியை. விடுமுறைக்கு வந்த இடத்தில், அக்காவின் முகத்திலேயே ஒரு மாதாவைத் தீட்டி அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இருபத்தாறு வருடம் இந்த நகரத்துக் கந்தோர் கட்டடங்களில் தரை துடைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவள் அவள். வேறு யார் முகத்தை வைப்பது?

முதல் நாள் முழுக்கப் பலகைக்குச் சுண்ணப்பொடியும் பசையும் பூசினோம். பூச்சு காய, மறுபடி பூச்சு. கை ஓய்ந்துபோனது. செவ்வாய் மாலை, அக்காவின் முகத்தைப் பார்த்துக் கோட்டுப்படம் கீறுவதற்காகப் பலகையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்த தமிழர் ஒருவர் விடவில்லை.

"உது என்ன தங்கச்சி, பலகை?"

"மாதா படம் கீறப் போறன் அண்ணை. இஞ்ச வகுப்புக்குப் போறன்."

"ஊரில இல்லாத மாதாவே? கனடாவுக்கு வந்து மாதா கீறப் பழகிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்!"

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அக்கா ஒரு மணித்தியாலம் ஆடாமல் இருந்தாள். கண்ணுக்குக் கீழே உள்ள கருமையைக்கூட விடாமல் கீறினேன்.

புதன்கிழமை முட்டை. மஞ்சட்கருவை இந்தக் கையிலும் அந்தக் கையிலும் மாறி மாறி உருட்டி ஈரம் போக்கி, தோலைக் குத்தி, உள்ளே உள்ளதை மட்டும் வடிக்க வேண்டும். முகத்துக்கு முதலில் பச்சை மண் பூச்சு. அதன் மேல் 'சதை', அதாவது தோல் நிறம். அப்படித்தான் சொன்னார் ஆசிரியை, அறுபது வயதுக் கனடாக்காரி, மிக மரியாதையானவர். சதைக்கென்று மூன்று போத்தல்கள் வைத்திருந்தார்: வெளிறியது, நடுத்தரம், கருமையானது. அந்தக் 'கருமை' என் உள்ளங்கையை விட வெள்ளை! காவி மண்ணையும் சுட்ட செம்மண்ணையும் நானே குழைத்துக்கொண்டேன். மெல்லிய கோடு கோடாக இரண்டு நாள். வியாழன் மாலை அக்கா பலகையிலிருந்து என்னைப் பார்த்தாள். முகம் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் 12.30க்குச் சாப்பிடப் போய் 1.15க்குத் திரும்பினேன். அக்காவின் இரண்டு கன்னத்திலும் மூக்கிலும் ரோஸ் பூசியிருந்தது.

பக்கத்தில் நின்ற ஆசிரியை தூரிகையைத் துடைத்தபடி சிரித்தார். "அடிப்பூச்சு மிக அழகு. ஆனால் இன்னும் சதை போடவில்லையே. இன்று கடைசி நாள், அதுதான் கொஞ்சம் உதவினேன்."

அடிப்பூச்சாம்! அப்படியென்றால் இருபத்தாறு வருடம் பனியில் நடந்து வேலைக்குப் போனது என்ன, என் அக்காவின் எலும்பா? கேட்காமல் அடுத்தவர் படத்தில் கை வைக்க எந்த ஏட்டில் சொல்லியிருக்கிறது? கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் கோர்வையாக வராது. "அது சதைதான், என் அக்காவின் சதை" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டார். கேட்டு என்ன? பிளேட்டால் ரோஸைச் சுரண்டினேன். என் மண்ணிறமும் கூடவே உரிந்து, கன்னத்தில் பச்சை தெரிந்தது. ஐந்து மணி வரை மறுபடி கோடு கோடாக ஏற்றி அக்காவை மீட்டேன்.

6.20க்கு வீட்டில் பலகையை அக்காவின் கையில் கொடுத்தேன். யன்னலடிக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள்.

"எடியே, நான் உவ்வளவு கறுப்பே?"

"அக்கா!"

"எனக்கெண்டா பரவாயில்லை. மாதாவையல்லோ கீறினனி. கொஞ்சம் வெள்ளையாக் கீறியிருக்கலாம்."

ரோஸ் பூசிய கதையை ஆத்திரத்தோடு சொன்னேன். என்னோடு சேர்ந்து திட்டுவாள் என்று நினைத்தேன்.

"பாவம் மனிசி, நல்லதுக்குத்தானே செய்தவ. ஏன் சுரண்டினனி?"

பார்க்டேலில் வந்த கோபம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. "உனக்கு வெக்கமில்லையே? உன்ரை முகத்தை நீயே வேண்டாமெண்டுறியே!" என்று கத்திவிட்டேன். அக்கா கத்தவில்லை. ஆறுதலாகத்தான் கேட்டாள்.

"சின்னனில நீ கீறின மாதாவெல்லாம் ரோஸ்தானே. அப்ப உந்தக் கோவம் எங்கை போனது?"

நான் எழும்பிப் போய்ப் பயணப்பெட்டியை அடுக்கத் தொடங்கினேன்.

சனி காலை பியர்சன் விமான நிலையத்தில் அக்கா கட்டிப்பிடித்து அழுதாள். படத்தைக் கூடத்திலா அறைக்குள்ளேயா மாட்டுவாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. விமானம் எழும்பிய பிறகும் அந்த ஆசிரியையை மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் திட்டு இப்போது முன்னைப் போல் வரவில்லை. திங்கட்கிழமை ஆறாம் வகுப்பில் என் பிள்ளைகள் பஸ்ரல் கலர்ப் பெட்டியைத் திறந்து, ஆட்களின் முகத்துக்கு அந்த வெளிறிய ரோஸ் குச்சியைத் தேடுவார்கள். அதற்கு 'உடம்புக் கலர்' என்று அவர்களுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.