காய் கண்டால்தான் பேர்

கொடிகளுக்குப் பெயர் வைக்கும் தொழில் எனக்கு முதலில் ஒரு சத்தமாகத்தான் அறிமுகமானது. கல்லூரியில் இரண்டாம் வருடம். எங்கள் பேராசிரியை ஓர் இலுப்பை மரத்தடியில் நின்று, மேலே படர்ந்திருந்த கொடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். உச்சியில் எங்கோ ஒரு முனகல். பிறகு நீளமாக ஒரு சர்ர்ர். பிறகு சருகு மழை. கடைசியில், சத்தமே இல்லாமல், முசுறு எறும்பு.

பழைய செய்தித்தாளுக்குள் செடியை வைத்து அமுக்கி, பட்டுப்புடவை மாதிரி பதமாகக் காயவைத்துப் பிழைத்தவர் யாராவது இதைப் படித்தால், அந்த எறும்பை அவருக்கும் தெரிந்திருக்கும். மற்றவர்களும், தாங்கள் செய்கிற வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கு ஒரு தடவையாவது விளக்கித் தோற்றிருந்தால், என் கட்சிதான். பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தேன். யார் யாரோ வைத்த பெயர்களைப் பெண்பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தேன். கண் மங்குவதற்குள் ஒரே ஒரு கொடிக்காவது நான் பெயர் வைத்துவிட வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஆசை.

ஏரிக்கரை அதிசயம்

பொதட்டூர்பேட்டைக்குப் போகிற வழியில் ஓர் ஏரிக்கரை. காரையும் சங்கஞ்செடியும் பின்னிக் கிடக்கும் முள் புதர். அதன் மேல் ஒரு கொடி படர்ந்திருந்தது. இலை வெற்றிலை மாதிரி, பூ சின்ன ஊதா மணி மாதிரி. அப்படி ஒரு சேர்க்கையை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பக்குவமாகக் காயவைத்து, அட்டையில் தைத்து, வர்ணனை எழுதி, அந்த மாதிரி அட்டைகளைப் பாதுகாக்கும் ஹெர்பேரியம் ஒன்றுக்கு அனுப்பினேன். கொடிகளையே பார்த்துப் பார்த்துத் தலை நரைத்த ஒரு பெரியவர் அங்கே இருந்தார்.

புதருக்குள் இரண்டு கொடிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்திருக்கின்றன. நான் ஒன்றில் இலையையும் இன்னொன்றில் பூவையும் வெட்டியிருக்கிறேன். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு தடவை செய்கிற தப்புதான், ஆனால் யாரும் வெளியே சொல்வதில்லை. அதற்குப் பிறகு, பூவைப் பிடித்தால் விரலைத் தண்டிலிருந்து எடுக்காமல் மண் வரைக்கும் தடவிக்கொண்டே போவது எனக்குப் பழக்கமானது. பெரியவர் ஒரு தபால் அட்டையில் இரண்டே வரி எழுதியிருந்தார்: “புதியதுதான் அம்மா. ஆண்டவனே இன்னும் படைக்கவில்லை.”

வெண்சாம்பல் பூச்சு

அடுத்தது அத்திப்பட்டில். அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரி போகிற சாலையோரம், எதையும் வைக்காமல் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் கம்பி வேலி. அதில் சீந்தில் குடும்பத்துக் கொடி ஒன்று. பூ கடுகளவு, பச்சை நிறம். இலைமேல் மட்டும் ஒரு மங்கிய வெள்ளி. “இலையின் மேற்புறம் முழுவதும் வெண்சாம்பல் பூச்சு, இக்குடும்பத்தில் இதுவரை அறியப்படாத பண்பு” என்று நோட்டில் எழுதி அடிக்கோடு வேறு போட்டேன்.

வீட்டுக்கு வந்து குழாயில் மண்ணைக் கழுவினேன். இதுவரை அறியப்படாத பண்பு பாத்திரம் தேய்க்கிற தொட்டி வழியாகப் போய்ச் சேர்ந்தது. பூ மட்டும் கழுவியும் மாறவில்லை. லென்ஸில் பார்த்தேன். அதன் இதழ்கள் நான் அறிந்த எந்தக் கொடியோடும் பொருந்தவில்லை. மறுவாரம் மறுபடி போனபோது கிடங்கின் காவலாளியிடம் என் வெண்சாம்பல் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. “இங்க எல்லாம் அந்தக் கலர்தாம்மா. என் சட்ட இன்னா கலருன்னு நெனைக்கிற? நீலம்.”

ஸ்டெல்லா

சீந்தில் குடும்பத்தில் ஆண் பூ ஒரு கொடியிலும் பெண் பூ வேறொரு கொடியிலும் இருக்கும். எனக்குக் கிடைத்தது ஆண். அந்தக் குடும்பத்தில் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சொல்வது காய்க்குள் இருக்கும் கொட்டைதான். அதன் வளைவும் வரம்பும் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பிய என் கட்டுரை ‘காய் இன்றி ஏற்க இயலாது’ என்று திரும்பி வந்தது. அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். கொக்கி கட்டிய அலக்கோடு மின்சார ரயிலில் ஏறினால், முருங்கைக்காய் பறிக்கவா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். ஓய்வும் பெற்றேன். பெண் கொடி கிடைக்கவில்லை.

கடைசியில் அது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியின் வேலியோரம், வெட்டிப் போட்ட குப்பைக்குள் கிடந்தது. வெட்டிக்கொண்டிருந்தவள் ஸ்டெல்லா. நாற்பது வயதிருக்கும். அந்த இடம் வயலாக இருந்தபோது அதே இடத்தில் நாற்று நட்டவள், இப்போது ஒப்பந்தத்தில் வேலியில் கொடி அறுக்கிறாள். குப்பையில் நான் மண்டியிட்டதைப் பார்த்து, எதையாவது தொலைத்துவிட்டேனா என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “பையன கையில வச்சிக்கினு இத்தினி வருசமா பொண்ணு தேடுனியா? எங்க தெருவுல சொல்லியிருந்தா ஒரு மாசத்துல முடிச்சிருப்போமே.”

மஞ்சளும் குங்குமமும்

வேலியில் இன்னும் அறுக்காத ஒரு தூர் மிச்சமிருந்தது. அதில் மிளகளவு பிஞ்சு. காய் பிடித்திருந்தால் பக்கத்தில் எங்கோ ஆண் கொடியும் இருந்திருக்க வேண்டும். அதை நான் பார்க்கவே இல்லை. கொட்டை முற்ற இரண்டு மாதமாவது ஆகும். ஆனால் வெளிநாட்டிலிருந்து முதலாளிகள் வருகிறார்கள், வேலியில் ஒரு இலை இருக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். கம்பெனி வாசலில் நான் கொடுத்த கடிதம் உள்ளே போனது, திரும்ப வெளியே வரவில்லை. ஸ்டெல்லா தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

அடுத்த வாரம் போனால், கொடியின் அடியில் மஞ்சள் பூசி மூன்று குங்குமப் பொட்டு. கம்பியில் ஓர் எலுமிச்சம்பழம். சூப்பர்வைசர் வந்து பார்த்து, ஷூவைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாராம். ஸ்டெல்லாவோ ஞாயிறு தவறாமல் சர்ச்சில் முதல் வரிசையில் நின்று பாடுபவள். இப்படிச் செய்ய உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். “எனக்கு இன்னாமா பயம்? நான் சர்ச்சுக்குப் போறவ. சாமி கும்புடுறவருக்குத்தான் பயம்.”

சிலிண்டருக்கு அடியில்

என்னால் வர முடியாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். இலை, தண்டு, காய் மூன்றும் பிரியாமல் ஒரே துண்டாக வெட்ட வேண்டும். தாளுக்குள் வைத்து மேலே கனம் ஏற்ற வேண்டும். தினமும் தாளை மாற்ற வேண்டும். ஏன் ஒரே துண்டு என்று கேட்டாள். ஏரிக்கரைக் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து வேலியோரம் உட்கார்ந்துவிட்டாள்.

காய் சிவக்கத் தொடங்கிய மாதம் எனக்குக் கண்புரை ஆபரேஷன். மூன்று வாரம் வீட்டோடு கிடந்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியோடு போய் இறங்கினால், வேலியைக் காணோம். அந்த இடத்தில் பூசாத சுவர் நின்றது. வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த வேறொரு பெண்தான் நடந்ததைச் சொன்னாள். வேலியைப் பிடுங்க ஜேசிபி வந்த அன்று ஸ்டெல்லா அதன் முன்னால் போய் நின்று, பத்து நிமிஷம் பொறுக்கச் சொல்லி, கொடியை வெட்டினாளாம். மஞ்சளும் குங்குமமும் யார் வேலை என்று சூப்பர்வைசருக்கு அப்போதுதான் விளங்கியிருக்கிறது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

வீட்டைத் தேடிப் போனேன். அவள் கேஸ் சிலிண்டரை நகர்த்தி, அதற்கு அடியிலிருந்த செய்தித்தாள் கட்டை எடுத்துக் கொடுத்தாள். ஒரு முழம் தண்டு, அதில் ஆறு இலை, முற்றிச் சிவந்த ஒரு கொத்துக் காய். எல்லாம் ஒரே துண்டு. மேலே அன்று காலையில் மாற்றிய தாள், அதில் அன்றைய தேதி. வேலை போனதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்டேன். “கண்ணு ஆபரேசன் பண்ணவங்க அழக் கூடாதும்மா. சொன்னா நீ அழுவ.”

எண் 1

காயை வெந்நீரில் ஊறவைத்துத் தோலை உரித்தேன். பிறை மாதிரி வளைந்த கொட்டை. முதுகில் சீப்பின் பல்லைப் போல வரம்பு. புத்தகங்களில் இருந்த எதுவும் அது இல்லை. புது ஆபரேஷன் கண்ணால் நான் நிம்மதியாகப் பார்த்த முதல் பொருள் அதுதான். கொடிக்கு ஸ்டெல்லாவின் பெயரை வைக்கலாம் என்று அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இதைவிடப் பெரிய மரியாதை எங்கள் தொழிலில் கிடையாது. “பேரு கெடக்கட்டும்மா. வேற எதுனா கம்பெனில சொல்லி வையி.”

அதனால் கொடிக்கு ஊர்ப்பெயர்தான் வைத்தேன். ஆனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. செடியை எந்தக் கை வெட்டியதோ அந்தக் கைக்குரியவர் பெயர்தான் அட்டையில் சேகரித்தவராக வர வேண்டும். அவரவர் வாழ்நாளில் வெட்டியவற்றுக்கு அவரவர் வரிசை எண். என் எண் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. இந்த அட்டையில், உலகத்தில் யார் இந்தக் கொடியைச் சரிபார்க்க வந்தாலும் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய அட்டையில், ‘சேகரித்தவர்: ஸ்டெல்லா, எண் 1’ என்று எழுதினேன். கட்டுரையைக் காயோடு மறுபடி அனுப்பியதும் பத்திரிகை ஆசிரியர் ஒரு கேள்வி அனுப்பினார்: “சேகரித்தவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று குறிப்பிடவும்.” ‘தற்போது எந்த நிறுவனத்திலும் இல்லை’ என்று பதில் எழுதினேன். அப்படியே அச்சாகியிருக்கிறது.

அத்திப்பட்டுக் கிடங்கை இடித்துவிட்டார்கள். அந்தக் கொடியை அதன் பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை. என் பழைய மாணவி ஒருத்தியின் கணவரிடம் நாலு தடவை நடந்ததில், ஸ்டெல்லா இப்போது கவரைப்பேட்டையில் ஒரு கோழித்தீவன ஆலையில் மூட்டைக்கு வாய் தைக்கிறாள். முப்பது வருடம் படித்ததிலும் படிப்பித்ததிலும் நான் உருப்படியாக முடித்த காரியம் அந்த ஒரு சிபாரிசுதான்.