யாரும் படுக்காத கட்டில்

2025 ஓகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலேகால் மணி. கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு முகில் இல்லை. கல்லடி வீதியின் மஞ்சள் கடவை ஓரத்தில் நின்று, வாகனங்கள் நிற்கட்டும் என்று நான் காத்திருந்தேன். பதினாறு மோட்டார் சைக்கிள், ஒன்பது ஓட்டோ, இரண்டு பஸ் போயின. ஒன்றும் நிற்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் நோர்வேயில் நடந்த கால், கடவையில் நின்றாலே உலகம் நின்றுவிடும் என்று பழகிவிட்டது. பின்னால் நின்ற ஐரிக் என் முழங்கையைப் பிடித்து, மற்றக் கையை உயர்த்திக்கொண்டு வீதியில் இறங்கினான். பஸ் நின்றது. நான் பிறந்து வளர்ந்த ஊரில் எனக்கு வீதி கடத்திவிட்டவன் நோர்வேக்காரன்.

ஐரிக் என் மகன் சுதனின் துணைவன். இந்த ஒரு வசனத்தை எழுத எனக்கு மூன்று நாள் எடுத்தது. எழுதிய பிறகு கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை எழும்பிப் போய்ப் பார்த்தேன். ஓஸ்லோவுக்குப் பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கு இந்தக் கட்டுரைக்காக யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் பார்த்தேன். இதில் வரும் பெயர்கள் எல்லாம் மாற்றிய பெயர்கள். தங்கச்சிக்கு ஒரு பெயரும் வைக்கவில்லை. சுதன் வாசித்துவிட்டு, “போடலாம் அப்பா” என்றான். அதற்குப் பிறகும் இரண்டு மாதம் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன்.

நாங்கள் மூவரும் போனது தங்கச்சியின் மகளுடைய புது வீடு குடிபூரலுக்கு. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் பலருக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளை கலியாணம் கட்டுகிற இடத்துக்குப் போய்விடுவான். தங்கச்சியும் புருஷனும் பதினொரு வருஷம் கல்லும் சீமெந்தும் சேர்த்து மகளுக்கென்று அந்த வீட்டைக் கட்டினார்கள். “சுதனைக் கூட்டிக்கொண்டு வராம நீங்க மட்டும் வந்தா படலையத் திறக்க மாட்டன்” என்று தொலைபேசியில் சொல்லியிருந்தாள். சுதன், ஐரிக் வராமல் தான் வரமாட்டேன் என்றான். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் டிக்கெற் எடுத்தேன்.

ஐரிக்கை நான் எப்படி அறிந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுதன் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தான். வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, தமிழும் நோர்வேஜிய மொழியும் கலந்து, “அப்பா, இது ஐரிக். மின் சம்பூர்” என்றான். ‘மின்’ என்றால் ‘என்னுடைய’ என்று எனக்குத் தெரியும். மற்றதை நான் ஊர்ப் பெயராகத்தான் கேட்டேன். வாகரைக்கு அங்கால், மூதூர்ப் பக்கம், சம்பூர், யுத்தத்தில் சனம் எல்லாம் இடம்பெயர்ந்த ஊர். சமாதானம் பேசிய காலத்திலும் கடல் வந்து அள்ளிப் போன காலத்திலும் நோர்வேக்காரர் பலர் எங்கள் பகுதிகளில் வந்து வேலை செய்தார்கள். இவனும் சம்பூரில் இருந்திருப்பான், அந்தப் பழக்கம்தான் என்று நினைத்தேன். தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, “அங்க சனம் எல்லாம் திரும்பி வந்திற்றாங்களா?” என்று அக்கறையாக விசாரித்தேன். ஐரிக் மரியாதையாகத் தலையை ஆட்டினான். சுதனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் நினைவு வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்று வருஷம் அப்படியே போயிற்று. பிறகு எனக்குக் கண்புரை வெட்டினார்கள். கட்டுப்போட்ட கண்ணோடு இருந்த என்னிடம் தாதி வந்து, “உங்கள் மகனுடைய சம்பூர் வெளியே காத்திருக்கிறார்” என்றாள். நான் அவளைத் திருத்தினேன். நாங்கள் சம்பூர் இல்லை, கல்லடி, இரண்டுக்கும் நூறு கிலோமீற்றருக்கு மேல் என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் விளக்கினேன். மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, குழந்தைக்குச் சொல்வதுபோல் அந்தச் சொல்லைப் பிரித்துச் சொன்னாள். “ஸம் என்றால் சேர்ந்து. பூ என்றால் வாழ்வது.” சேர்ந்து வாழ்பவர். கல்யாணம் எழுதாமல் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு அங்கே வழக்கமான, நல்ல சொல். கதவைத் திறந்தபோது ஐரிக் என் குளிர்ச்சட்டையைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு கண்ணால் அவனைப் பார்த்தேன். சட்டைக்குள் கையை விட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்றிலிருந்து பயம். நோர்வேயில் இல்லை, அங்கே பக்கத்து வீட்டுக் கிழவி இருவரையும் சேர்த்துத்தான் நத்தார் விருந்துக்குக் கூப்பிடுகிறாள். பயம் முழுவதும் ஊரைப் பற்றியது. எங்கள் நாட்டில் இது இன்றைக்கும் சட்டப்படி குற்றம். வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போன சட்டம். அவன் தன் நாட்டில் அழித்துவிட்டான், நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம். சட்டத்தைவிட எனக்குச் சொற்களில்தான் பயம். ஊரில் இதற்கு உள்ள சொல் ஒவ்வொன்றும் ஏச்சு. இப்போது சஞ்சிகைகளில் ‘தன்பாலீர்ப்பு’ என்று மரியாதையாக எழுதுகிறார்கள். முதலில் கண்டபோது எனக்குப் பசுப்பால்தான் ஞாபகம் வந்தது. நல்ல சொல்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தங்கச்சியின் குசினியில் நின்று அதை எப்படிச் சொல்வது?

விமானத்தில் சுதனுக்குப் பதில் சொல்லிக்கொடுத்தேன். “ஐரிக் உன்னோட வேலை செய்யிறவர். ஊர் பாக்க வந்தவர். அதுக்கு மேல ஒரு சொல்லும் சொல்லாத.” சொல்லும்போதே எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில் செங்கலடிக்குப் போய்த் திரும்பும்போது வழியில் ஐந்து ஆமிச் சென்றி. சுதனுக்குப் பத்து, பதினொரு வயது. பஸ்ஸில் பக்கத்தில் இருத்தி, பெயர் சொல், ஊர் சொல், பள்ளிக்கூடம் சொல், கேட்டதற்கு மேல் ஒன்றும் சொல்லாதே என்று ஒவ்வொரு சென்றிக்கும் முன்னால் ஒப்புவிக்கச் செய்வேன். அவனுக்கும் அதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“அப்பா, அது சென்றிக்கு. இது மாமி வீடு.”

“சென்றியில நிண்டவனுக்கு உன்னத் தெரியாது. மாமிக்கு உன்னத் தெரியும்.”

அவன் யன்னல் பக்கம் திரும்பிவிட்டான்.

மஞ்சள் கடவையைத் தாண்டி நாங்கள் போனது ஒரு விடுதிக்கு. மூன்று மாடி. நான் தங்கச்சி வீட்டில். அவர்கள் இருவருக்கும் விடுதியில் இரண்டு அறை. முகாமையாளர் நல்ல மனிதர். “ஐயா, ஒரு அறையில ரெண்டு கட்டில் போட்டுத் தாறன். ஏன் வீணாக் காசு?” என்றார். “அவர் குறட்டை விடுவார்” என்று ஐரிக்கைக் காட்டினேன். ஐரிக்குக்கு ‘குறட்டை’ விளங்கவில்லை, சிரித்தான். சுதனுக்கு விளங்கியது, சிரிக்கவில்லை.

இரண்டாவது அறையில் யாரும் படுக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அடுத்த நாள் காலை ஆறரைக்கு, கூட்டித் துடைக்கிற பெண் வருமுன், நடக்கப்போவதாகத் தங்கச்சியிடம் சொல்லிவிட்டு விடுதிக்குப் போனேன். முப்பத்துநாலு படி. அந்த அறைக் கதவின் மேலதிகத் திறப்பு என்னிடம் இருந்தது. கட்டில் விரிப்பை இழுத்துக் கசக்கினேன். தலையணையைக் கையால் குத்திப் பள்ளம் செய்தேன். பிறகு கீழே இறங்கி, மூச்சு வாங்க வாங்கத் திரும்பினேன். ஞாயிறும் அப்படி. திங்களும் அப்படி.

ஞாயிற்றுக்கிழமைதான் குடிபூரல். பால் பொங்கி, ஐயர் போன பிறகு ஆண்கள் பந்தலுக்குள் கதிரை போட்டு இருந்தோம். தங்கச்சியின் புருஷன் குணம், எனக்கு மச்சினன். பக்கத்து வீட்டுத் தவம், ஓட்டோ ஓடுகிறவன். சுதனும் ஐரிக்கும் வாழை இலை வெட்டிக்கொண்டு வந்தார்கள். ஐரிக் எல்லாவற்றுக்கும் “ஓம்”, “வாறன்”, “நல்லம்” என்று சொல்லச் சொல்லச் சனத்துக்குச் சந்தோஷம், புளுகம்.

“பாருங்க மச்சான்,” என்றார் குணம். “வெள்ளைக்காரன் நம்மட தமிழ் பேசுறான். நம்மட புள்ளையள் போனப் பாத்துப் பாத்து மெட்ராஸ் தமிழ் பேசுதுகள். நேத்து என்ட பேரன் என்னப் பாத்து ‘செம தாத்தா’ எண்டான். செம்மறியெண்டு ஏசுறானாக்குமெண்டு அடிக்கப் போனன்.”

எல்லோரும் சிரித்தார்கள். தவம் தன் தொலைபேசியை நீட்டினான். “இஞ்ச பாருங்க அண்ணே. ரெண்டு ஆம்புளை மாலை மாத்துறானுகள். எவ்வளவு சனம் பாத்திரிக்கு!”

“நம்மட பெட்டையிட கலியாண வீடியோவ முப்பது பேர்தான் பாத்த,” என்றார் குணம்.

“முந்திப் படத்தில பகிடிக்குக் காட்டினானுகள். இப்ப அவனுகள்தான் கதாநாயகன். இதெல்லாம் வெளிநாட்டு வருத்தம், தொத்து நோய். நம்மட பக்கம் இல்ல.”

“இல்லையா? போடா. இரிக்கிறவன் உன்னட்ட வந்து சொல்லுவானா? மாகாண சபைத் தேர்தல் எப்பயெண்டு கேக்க ஒருத்தனுமில்ல, ஆர் ஆரோட படுக்கிறானெண்டு எண்ணுறதுக்கு ஆயிரம் பேர்.”

தவம் விடவில்லை. என் பக்கம் திரும்பினான். “நோர்வேயில இது கனக்கவாம், மெய்யா அண்ணே?”

“அது குளிர் நாடு தம்பி,” என்றேன். “அவ்வளவு உடுப்புக்குள்ள ஆர் ஆம்புளை ஆர் பொம்புளையெண்டே தெரியாது.” பந்தல் சிரிப்பில் ஆடியது. நானும் சிரித்தேன். நிமிர்ந்தபோது, இலைக்கட்டோடு நின்ற சுதன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டை வைத்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போனான்.

அப்போதுதான் அது நடந்தது. ஐரிக், பந்தலின் மறுகரையிலிருந்து, சுதனைப் பார்த்து உரத்துக் கூப்பிட்டான்: “மச்சான், இஞ்ச வாங்களன்!”

மறுபடி சிரிப்பு. தவம் கைதட்டினான். இலங்கையில் பொடியன்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் மச்சான்தான். அதில் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் பெண்கள் கட்டிய புருஷனையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மச்சானுக்கு இராகம் வேறு. கடைசி எழுத்து கொஞ்சம் நீளும், பின்னால் ‘வாங்களன்’ என்ற மரியாதை வரும். பொடியன் பொடியனை அப்படிக் கூப்பிடமாட்டான். ஐரிக்குக்கு அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் நான் ஊருக்குப் பேசும்போது தொலைபேசியைச் சத்தமாக வைப்பேன், காது மந்தம். தங்கச்சி குணத்தைக் கூப்பிடுவாள்: “மச்சான், இஞ்ச வாங்களன், அண்ணன் கதைக்கிறாரு!” ஆறு வருஷம் அவன் அதைக் கேட்டுக்கொண்டு என் கதிரைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறான்.

குசினி வாசலில் தங்கச்சி நின்றாள். கையில் அகப்பை. அதிலிருந்து பருப்பு சொட்டிக்கொண்டிருந்தது.

சாப்பாடு முடியும்வரை அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான் மூன்று முறை கை கழுவினேன். பின்னேரம், சனம் குறைந்த பிறகு, சட்டி கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்தாள்.

“அண்ணே, அந்த வெள்ளைக்காரப் பொடியன் ஆரு?”

ஒப்புவிக்க வேண்டிய பதில் எனக்கு மனப்பாடம். சுதனோடு வேலை செய்கிறவர், ஊர் பார்க்க வந்தவர். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“சம்பூர்.”

“சம்பூரா?” என்றாள். “சம்பூர்ல எங்க இவ்வளவு வெள்ளை?”

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

“சுதன் ஆருட வீட்டில இரிக்கான்?”

“அவன்ட வீட்டில,” என்று ஐரிக் இருந்த பக்கம் கண்ணைக் காட்டினேன்.

அவள் நிமிராமல், மிகவும் மெதுவாகச் சொன்னாள். “அது நான் கூப்பிடுற கூப்பாடு அண்ணே. அந்த மச்சானக் கொஞ்சம் மெதுவாக் கூப்பிடச் சொல்லுங்க. எனக்கு விளங்கினா, மத்தப் பொம்புளையளுக்கும் விளங்கும்.” பிறகு, “ரெண்டு பேரும் ஒரு அறையா?”

“ரெண்டு அறை போட்டிரிக்கன்.”

“நல்லம்,” என்றாள்.

அந்த ‘நல்லம்’ எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்று பின்னேரம் அவள் இரண்டு தட்டில் பலகாரம் எடுத்து இரண்டுக்கும் மேலால் ஒரே துணியைப் போட்டு மூடி, “அவனுகளுக்குக் குடுங்க” என்று என் கையில் தந்தாள். அதையும் எப்படி எடுப்பதென்று தெரியவில்லை. தவத்தின் பெண்சாதி படலையடியில் நின்று எங்களைப் பார்த்ததாக எனக்குப் பட்டது. பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை முழுவதும் ஐரிக் சுதனைப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. பக்கத்தில் போய், தோளைத் தொடாமல், முன்னால் நின்று பேசினான். தங்கச்சி சொன்னதை நான் சுதனிடம் சொல்லியிருந்தேன், அவன் ஐரிக்கிடம் சொல்லியிருக்கிறான். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

செவ்வாய் காலை புறப்பாடு. வழக்கம்போல் ஆறரைக்குப் போய், முப்பத்துநாலு படி ஏறி, இரண்டாவது அறையைத் திறந்தேன். கட்டில் கசங்கிக் கிடந்தது. விரிப்பு ஒரு பக்கம் நிலத்தில். தலையணையில் நல்ல பள்ளம். கதிரையில் ஈரத் துவாய். குளியலறைச் சவர்க்காரம்கூட நனைந்திருந்தது. எனக்கு அந்த யோசனை மூன்று நாளும் வரவில்லை. மற்ற அறைக் கதவு திறந்து ஐரிக் வெளியே வந்தான்.

“நான் செஞ்சன் மாமா,” என்றான் மெதுவாக. “படி கனக்க. ஒங்கட முழங்கால் நோகும்.”

தன் நாட்டில் எந்தக் கதவுக்கும் பயந்தறியாதவன். எங்கள் தமிழை அவன் என் தங்கச்சியின் குரலிலிருந்து எடுத்தான். இதை என்னிடமிருந்து எடுத்திருக்கிறான். பிழை ஒன்றும் இல்லாமல், என்னைவிட நன்றாக.

அவன் பெட்டி கட்டப் போனான். நான் அந்தக் கட்டிலில் இருந்தேன். பிறகு காலை நீட்டிப் படுத்தேன். அவன் செய்து வைத்த பள்ளத்துக்குள் என் தலை சரியாகப் பொருந்தியது. ஒரு யன்னலில் வாவி, அசையாமல். மறு யன்னலில் கடல், ஓயாமல். கீழே தங்கச்சி வழியனுப்ப வந்து நிற்கிற சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சுதனும் ஐரிக்கும் நோர்வேஜிய மொழியில் ஏதோ இரகசியமாகப் பேசிக்கொண்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் கேட்காதபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு எழும்பி, கட்டிலை அப்படியே கசங்கக் கிடக்க விட்டு, இறங்கிப் போய்ப் பணத்தைக் கட்டினேன். அந்த அறைக்கு நாலு இரவு, இரவுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு. இருபத்தாறாயிரம் ரூபாய்.