பதிவேட்டில் ஏறிய ஒரே கத்தி

பள்ளிக்கூடத்துக்குள் ஆயுதம் வரக்கூடாது என்று அரசாங்கம் சொன்னதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அதை நாங்கள் செய்த விதத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் என் பங்குக்கும் இடம் உண்டு. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

வேப்பந்தட்டைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் தாவரவியல் ஆசிரியை. பெரம்பலூரில் 7.40 பஸ் ஏறினால் 8.30க்குப் பள்ளி வாசலில் இறங்கலாம். எங்கெங்கோ பள்ளிகளில் பிள்ளைகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட செய்திகள் வந்துகொண்டிருந்த சமயம் அது. பிறகு சுற்றறிக்கை வந்தது. காலை வழிபாட்டுக்கு முன் எல்லாப் பைகளையும் பார்க்க வேண்டும். பதிவேடு வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் எண்ணிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டும். பெண்பிள்ளைகள் பக்கம் எனக்கு, ஆண்பிள்ளைகள் பக்கம் உடற்கல்வி ஆசிரியருக்கு.

"மேடம், நீங்கதான் தினம் டைரி எழுதுற ஆளு. கோடு போட்டு நீட்டா வச்சிருப்பீங்க" என்றார் தலைமையாசிரியர். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். நாள், வகுப்பு, பொருள், எண்ணிக்கை, கையொப்பம் என்று ஐந்து கட்டம் போட்டு, அளவுகோல் வைத்துக் கோடிழுத்தேன். இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். என் பக்கத்தில் தினமும் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வலது பக்கத்தில் ஒரு வாரத்து "இல்லை" முழுவதும் வெள்ளிக்கிழமை ஒரே மூச்சில் ஒரே மையில் விழும்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில், தினத்தாளில் சுற்றிய ஒன்று கையில் தட்டுப்பட்டது. இரும்பறுக்கும் ஆக்சா பிளேடு உடைந்ததைத் தீட்டிச் செய்த கத்தி. கைப்பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. என் பாடத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வரும் பெண் அவள்.

"என்ன இது?"

"வெங்காயம் அறுக்குற கத்தி மிஸ். காலைல வெங்காயக் காட்டுக்குப் போயிட்டு அப்படியே வந்துட்டேன். வூட்டுக்குப் போயி வச்சுட்டு வந்தா பஸ்ஸ வுட்டுடுவேன்."

பின்னால் நின்றவள் சிரித்தாள். "மிஸ், அவ வெங்காயத்த மட்டுந்தான் கொல்லுவா. நாங்க கேரண்டி."

சின்ன வெங்காயம் பிடுங்குகிற சமயத்தில் எங்கள் பக்கம் பாதி வீடுகளில் விடியற்காலையே ஆள் இருக்காது. பிடுங்கிய வெங்காயத்தின் தாளையும் வேரையும் அறுத்துக் குவிக்க வேண்டும். அந்த வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் கத்தியைத் தாங்களே கொண்டுபோவார்கள். அடுத்தவர் கையில் கொடுக்க மாட்டார்கள், காட்டிலும் போட்டுவிட்டு வர மாட்டார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. கத்தியை என் மேசை இழுப்பறையில் போட்டு, நாலு மணிக்குத் திருப்பிக் கொடுத்து, இனி கொண்டுவராதே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இருந்ததை இல்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பொருள்: கத்தி. எண்ணிக்கை: 1. கையெழுத்திட்டேன்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் அந்த ஒன்றை இணையத்தில் ஏற்றினார்கள். அந்தப் படிவத்தில் எண்ணுக்கு மட்டுமே இடம். என்ன கத்தி, எதற்கு வந்தது என்று எழுத ஒரு வரிகூட இல்லை. திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து போன் வந்தது: யார், என்ன நடவடிக்கை?

தலைமையாசிரியர் ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். "எல்லாப் பள்ளிக்கூடமும் சைபர் போட்டிருக்கான். நாம மட்டும் ஒண்ணு. ஏன் மேடம் இப்படிப் பண்ணீங்க?"

"இருந்துச்சு சார், எழுதினேன்."

"இருக்குறதையெல்லாம் எழுதுவாங்களா?"

அன்றே அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள். வியாழக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூடி முடிவெடுக்கும் என்றார்கள். முடிவு எதுவென்று தலைமையாசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: டிசி கொடுத்து அனுப்பிவிட்டால் நடவடிக்கை எடுத்தாயிற்று என்று பதில் போடலாம். செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரம்கூட இல்லை. அந்த நேரத்தில் டிசியோடு போகிற பிள்ளையை வேறெந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாது. அவள் படிப்பு வெங்காயக் காட்டோடு முடியும்.

மறுநாள் அவள் அம்மா வந்தார். கூலி வேலைக்குப் போகிற பெண். சேலை மடிப்பிலெல்லாம் வெங்காயச் சருகு. வாசலிலேயே நின்று கேட்டார்.

"எம் பொண்ணு பையில கத்தி இருக்குன்னு எழுதுன டீச்சரு யாரு?"

"நான்தாம்மா."

"கத்திய எழுதுனீங்க. அதுல வெங்காயச் சருகு ஒட்டியிருந்துச்சே, அத எழுதுனீங்களா?"

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"கட்டம் இல்லையாம்ல! நீங்களும் லேபுல பிளேடு வச்சு தண்டு வெட்டச் சொல்றீங்க, எம் பொண்ணு வந்து சொல்லியிருக்கா. டீச்சரு கையில இருந்தா அது பாடம், எங்க கையில இருந்தா ஆயுதமா?"

"மரியாதையாப் பேசுங்கம்மா" என்றேன். எனக்கு அப்போது அந்தப் பெண்மணி மேல்தான் ஆத்திரம். சட்டம் தெரியாமல் கத்துகிறார் என்று அன்று டைரியில் எழுதியிருக்கிறேன்.

அன்றிரவே அதே டைரியில் முந்தின மாதத்தைப் புரட்டியபோது ஒரு புதன்கிழமை கண்ணில் பட்டது. காலை 8.55. பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் பையிலிருந்து உடற்கல்வி ஆசிரியர் துண்டில் சுற்றிய அரிவாளை எடுத்தார். முழங்கை நீளம். அவர் போன் செய்ததும் பையனின் அப்பா வெள்ளைக் காரில் வந்தார். சுற்றுச்சுவருக்குப் பெயிண்ட் வாங்கிக் கொடுத்தவர், மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். அரிவாள் காரின் டிக்கியில் போயிற்று, பையன் வகுப்புக்குப் போனான்.

"சார், எழுதலையா?" என்று நான் கேட்டதும் குறித்திருந்தது.

"மேடம், ஒங்க பக்கத்த மட்டும் பாருங்க" என்று அவர் சொன்னதும்.

சொன்னபடியே என் பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். தலைமையாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், உறுப்பினர்கள். அந்தப் பெண்ணின் அம்மாவைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பெண் வெளியே வராந்தாவில் நின்றாள். வெள்ளைக் கார்க்காரர்தான் முதலில் பேசினார்.

"பொம்பளப் புள்ள கத்தியோட வருதுன்னா வளர்ப்பு அப்படி. யோசிக்கவே வேணாம் சார், டிசியக் கிழிங்க. மத்ததுக்குப் பயம் வரும்."

கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "எங்க வளர்ப்பு காலைல அஞ்சு மணிக்குக் காட்டுல வந்து பாத்தாத் தெரியும்ங்க."

"அம்மா, நீங்க சும்மா இருங்க" என்றார் தலைமையாசிரியர்.

நான் எழுந்துபோய் அவர் முன்னால் இருந்த பதிவேட்டை எடுத்தேன். வலது பக்கத்தில் அந்தப் புதன்கிழமையைத் தேடி, பேனா மூடியைக் கழற்றினேன். இதைத் தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 'வளர்ப்பு' என்ற சொல்லை அந்த ஆள் வாயிலிருந்து கேட்டது பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

"சார், இங்க ஒரு திருத்தம் இருக்கு. நேரம் 8.55. பொருள் அரிவாள், எண்ணிக்கை ஒண்ணு. எடுத்துட்டுப் போன வண்டி நம்பரும் என் டைரியில இருக்கு. எழுதிடவா?"

உடற்கல்வி ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன டீச்சர், மெரட்டுறீங்களா?" என்றார் வெள்ளைக் கார்க்காரர்.

"இல்லீங்க. எழுதப் போறேன்னு சொல்றேன்."

தலைமையாசிரியர் பதிவேட்டின் மேல் இரண்டு கையையும் வைத்து மூடினார். "மேடம், மேடம். பேனாவ மூடுங்க. ஒக்காந்து பேசுவோம்."

பத்து நிமிடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். விவசாயக் கருவி, தவறுதலாக வந்தது, எழுத்துமூலம் எச்சரித்து வகுப்பில் அனுமதிக்கப்படுகிறாள். வெள்ளைக் கார்க்காரருடையதுதான் முதல் கையெழுத்து. நான் பேனாவை மூடினேன். அரிவாளை எழுதாமல் விடுவதற்கு இது விலை என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

வராந்தாவில் அந்த அம்மா எனக்காக நின்றிருந்தார். ஒரு நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"அந்த அருவா எப்ப வந்துச்சு?"

"போன மாசம்."

"அப்பவே ஒங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எழுதல. எங்க வெங்காயக் கத்திய மட்டும் அன்னைக்கே எழுதிட்டீங்க." குரலை உயர்த்தவில்லை. "நாங்க கார்ல வந்து எறங்க மாட்டோம்னுதானே? இன்னைக்கு எம் பொண்ணுக்காகப் பேசுனதா நெனச்சுக்காதீங்க டீச்சரு. நீங்க போட்ட முடிச்சு, நீங்களே அவுத்தீங்க. அவ்ளோதான். வா புள்ள."

அது என் பக்கம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர்கள் படியிறங்கிவிட்டார்கள்.

அரிவாள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அந்த வருடத்து நோட்டு முழுவதும் புரட்டினாலும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு கத்திதான் இருக்கிறது. அது என் கையெழுத்தில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை அவள் வரிசையில் வந்தாள். பையைத் திறந்து காட்டினால் போதும். அவள் திறக்கவில்லை. புத்தகப் பை, சாப்பாட்டுப் பை இரண்டையும் தலைகீழாகப் பிடித்து என் மேசைமேல் கொட்டினாள். நோட்டுகள், ஜாமெட்ரி பாக்ஸ், டிபன், சீப்பு, ரப்பர் பேண்ட், பஸ் பாஸ்.

"நல்லாப் பாத்துக்குங்க மிஸ்."

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள், அவசரமே இல்லாமல். பின்னால் வரிசை நின்றது, மணி அடித்தது. திங்கட்கிழமையும் கொட்டினாள். பொதுத்தேர்வுக்கு முந்தின கடைசி வேலைநாள் வரை தினமும் கொட்டினாள். ஒரு நாளும் நான் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் கடைசி ரப்பர் பேண்டை எடுத்து முடிக்கும்வரை காத்திருந்து, "இல்லை" என்று எழுதினேன்.