கண்ணடித்தார் என்றொரு புகார்

காலையில் எழுந்ததும் பல் தேய்க்கிறாரோ இல்லையோ, டிரைவர் வாசலுக்கு வந்து வானத்தை அண்ணாந்து பார்ப்பார். மூட்டமாக இருந்தால் மனிதர் சீட்டியடித்துக்கொண்டே டிப்போவுக்குக் கிளம்புவார். வெயில் சுள்ளென்று அடித்தால் போச்சு, இருப்புக் கொள்ளாது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுவார், மனைவியிடம் எரிந்து விழுவார். "உங்களுக்கும் வெயிலுக்கும் என்னதாங்க பகை?" என்று அவள் கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்.

பகை வெயிலோடு இல்லை, மலையைக் குடைந்து போட்ட சுரங்கப்பாதையோடு. இருபத்திரண்டு வருடமாக அவர் பஸ் அதற்குள் நுழைந்துதான் அந்தப் பக்கம் போகிறது. உள்ளே விளக்கு கிடையாது. போடப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், சொல்வதற்கு என்ன செலவு? கொளுத்தும் வெயிலைப் பார்த்த கண் அந்த இருட்டில் நுழைந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாமல் திணறும். எல்லோருக்கும்தான். முன்பெல்லாம் அவர் 'ஒண்ணு' என்று எண்ணுவதற்குள் சுவர் தெரிந்துவிடும். ஐம்பதைத் தாண்டியதும் நாலு, அஞ்சு, இப்போது ஏழுவரை எண்ண வேண்டியிருக்கிறது. ஹெட்லைட் எரிகிறது, ரோட்டில் வெளிச்சமும் விழுகிறது. கண்தான் அதை வாங்கிக்கொள்ள மறுக்கிறது. ஏழு எண்ணுவதற்குள் பஸ் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கவே அவர் துணிந்ததில்லை.

வருடா வருடம் கண் பரிசோதனை உண்டு. ஆனால் அந்த அறையில் ஒரே சீரான வெளிச்சம். கடைசி வரி எழுத்துவரை மடமடவென்று வாசித்துவிடுவார். வெயிலிலிருந்து இருட்டுக்குப் போனால் எப்படி என்று டாக்டர் கேட்கவில்லை, இவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஸ்டியரிங் போய்விடும். ஸ்டியரிங்கை விட்டால் தனக்கு வேறு என்ன தெரியும் என்ற கேள்வி அவரை அரித்தது. போன மாதம் மத்தியான வெயிலிலிருந்து வீட்டுக்குள் வந்து, நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த மைத்துனர் மடியிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

வழி தற்செயலாகக் கிடைத்தது. ஒருநாள் வலது கண்ணில் தூசு விழ, அதை மூடிக்கொண்டே ஓட்டிப்போய்ச் சுரங்கத்துக்குள் திறந்தார். இடது கண் திண்டாடிக்கொண்டிருக்க, வலது கண்ணுக்குச் சுவரும் வெள்ளைக் கோடும் அப்படியே தெரிந்தன. மூடியிருந்த கண் இருட்டுக்கு முன்கூட்டியே பழகியிருந்தது! அன்றிலிருந்து, சுரங்கத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வளைவு வந்ததும் வலது கண்ணை மூடிக்கொள்வார். ஒருத்தருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தார்.

முன் சீட்டில் தினமும் வரும் தையல் டீச்சருக்குத் தெரிந்திருந்தது. 'டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்' என்று டிப்போவில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"என்னய்யா இது, இந்த வயசுல?" என்றார் மேனேஜர்.

உண்மையைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் மானம் போகும். பாழாய்ப்போன மனிதர், மானத்தைக் கொடுத்து ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டார். 'இனிமேல் செய்யமாட்டேன்' என்று மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

விஷயம் வீட்டுக்கு வர எத்தனை நேரம் ஆகும்? மனைவி சண்டை போடவில்லை. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னைப் பார்த்து ஒரு தடவை கண்ணடிச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அது அவரை நன்றாகவே சுட்டது.

மறுநாள் வானத்தில் பொட்டு மேகம் இல்லை. பஸ்ஸில் ஏறிய அத்தனை பேரும் கண்ணாடியில் அவர் முகத்தையேதான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. டீச்சர் கடைசி சீட்டுக்குப் போயிருந்தார். ரோட்டோர மரங்களுக்கு நடுவே வெயிலும் நிழலும் மாறி மாறிக் கண்ணில் அறைந்தன. தண்ணீர்த் தொட்டி வளைவு வந்தது. வலது இமை தானாக இறங்கப் பார்த்தது. இழுத்துப் பிடித்து, இரண்டு கண்ணையும் அகலத் திறந்துகொண்டே உள்ளே நுழைந்தார்.

ஒண்ணு. ரெண்டு. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. மூணு. நாலு.

"பிரேக்! பிரேக்கைப் போடுய்யா!" கண்டக்டர் கத்தினார். அவர் இவ்வளவு நேரமும் பஸ்ஸுக்குள் நிழலில் நின்றவர், அவருக்குத் தெரிந்தது.

டிரைவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றார். பஸ் குலுங்கி நின்றது. ஆறு. ஏழு. அப்போதுதான் அவருக்கும் தெரிந்தது. பழுதாகி நின்ற ஒரு சரக்கு வண்டி. அதன் பின்சக்கரத்தருகே குந்தியிருந்தவன், கையில் ஸ்பேனரோடு ஹெட்லைட்டைப் பார்த்து வாயைப் பிளந்திருந்தான். நடுவே ஒரு முழம்கூட இல்லை.

கண்டக்டர் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, பஸ் கொஞ்சம் பின்வாங்கி, சரக்கு வண்டியைச் சுற்றிக்கொண்டு அவர் பின்னாலேயே ஊர்ந்து வெளியே வந்தது. டிரைவர் ஓரங்கட்டி நிறுத்தினார். இறங்கியவர்களில் டீச்சர் மட்டும் அவர் அருகே வந்தார்.

"நான் உங்களைப் பார்த்துக் கண்ணடிக்கலம்மா," என்றார் அவர். "உள்ள போனா எனக்குக் கண்ணு தெரியல. அதுக்காகத்தான் ஒரு கண்ண மூடி மூடி ஓட்டினேன்."

டீச்சர் அவரையே பார்த்தார். கோபம் இறங்கியதா, ஏறியதா என்று சொல்ல முடியவில்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"என் பொண்ணு இந்த பஸ்லதான் சார் தினமும் ஸ்கூலுக்குப் போறா."

கண்ணடித்தவன் என்ற பெயரே எவ்வளவோ தேவலை என்று அவருக்குத் தோன்றியது. சாவியைக் கழற்றினார். போனை எடுத்து டிப்போவுக்குப் போட்டார்.

"சார், இந்த வண்டிக்கு வேற டிரைவரை அனுப்புங்க."

"என்னய்யா ஆச்சு? எவ்வளவு நேரத்துக்கு?"

"இனிமே எப்பவும் சார்."